குடிக்கணக்கில் நமது தொழில்

ஓர் ஊரில் எத்தனை பேர் உழுகின்றனர், எத்தனை பேர் நெய்கின்றனர், எத்தனை பேர் கூலிக்குச் செல்கின்றனர் என்று அறிவது அரசாங்கத்திற்கு மட்டுமே உரிய வேலை என நம்மில் பலர் எண்ணி வருகிறோம். அவ்வெண்ணம் சரியன்று. எவ்வளவு நூல் வாங்குவது, எவ்வளவு கடன் வழங்குவது, எத்தனை மூட்டை உரம் இருப்பு வைப்பது என்பனவற்றை ஆண்டுதோறும் தீர்மானிக்கும் கூட்டுறவுச் சங்கத்திற்கும் இக்கணக்கு இன்றியமையாததாகும். அங்கத்தினர் இன்ன தொழிலில் இருக்கிறார் என்பதை அறியாத சங்கம், நோயை அறியாமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை ஒக்கும்.

நமது ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரங்களில் இன்று எங்குச் சென்றாலும் ஒரே பேச்சுத்தான்: “நெசவாளர் குறைந்துவிட்டனர்; விவசாயி குறைந்துவிட்டார்; எல்லோரும் மில்லுக்கும் கம்பெனிக்கும் போய்விட்டனர்.” இப்பேச்சில் எவ்வளவு உண்மை? எவ்வளவு, கணக்கு எழுதும் முறையால் விளைந்த தோற்றம்? இவ்விரண்டையும் பிரித்து அறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது வட்டாரத்தின் அமைப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையை அறியாதார் நம்மில் இலர். அண்ணாமலையார் எழுந்தருளியுள்ள வடக்கத்தித் திருவண்ணாமலை வேறு. சீனிவாசப் பெருமாள் குன்றின்மேல் கோயில் கொண்டு, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்று வட்டாரம் முழுவதையும் தம்பால் ஈர்க்கும் நமது திருவண்ணாமலை வேறு. அக்குன்றின்மேல் நின்று நோக்குவோமாயின், நம் மக்களின் பிழைப்பு முழுவதும் கண்முன் விரிந்து கிடக்கும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும். அவற்றையடுத்துக் கண்மாய்ப் பாசன வயல்கள். கிழக்கே செல்லச் செல்லப் பருத்தி விளையும் கரிசல் காடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தறிகளும் பால்கோவா அடுப்புகளும். தெற்கே இராஜபாளையத்தில் நூற்பாலைகள். அதற்கப்பால் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகள். கிழக்கே சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும்.

இத்தொழில்களுள் பல ஒரு தலைமுறையில் வந்தவை அல்ல. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1920களில் வேரூன்றியது. திரு. பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையம் மில்லை 1936இல் நிறுவினார்கள். நெல்லும் பருத்தியும் தறியுமாக இருந்த நாட்டில், சங்கு ஊதிய நேரத்திற்கு வேலைக்குச் செல்லும் வழக்கம் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆகவே ‘எல்லாம் நேற்றுத்தான் மாறின’ என்று கூறுவது பொருந்தாது.

ஒப்பிடுமுன் அறிய வேண்டியவை

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிக்கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க முற்படுவோர் முதலில் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, எல்லை. நமது பகுதி 1910இல் அமைக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1985 மார்ச் 15ஆம் நாள் அதினின்றும் பிரிந்து, காமராசர் மாவட்டம் என்னும் பெயரோடு தனி மாவட்டமாயிற்று. 1997இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறிற்று. எனவே 1961ஆம் ஆண்டு மாவட்டக் கணக்கையும் 2011ஆம் ஆண்டு மாவட்டக் கணக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, கடற்கரை உப்பளத்தையும் கரிசற் காட்டையும் ஒன்றாக நிறுத்துப் பார்ப்பது போலாகும்.

இரண்டாவது, கேள்வி. ‘நீர் வேலை செய்பவரா?’ என்னும் கேள்வி ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகக் கேட்கப்படவில்லை. 1951இல் மக்கள் தம் வருவாயில் தாமே வாழ்வோர், ஓரளவு சம்பாதிக்கும் சார்ந்தோர், சம்பாதியாத சார்ந்தோர் எனப் பிரிக்கப்பட்டனர். 1961இல் அம்முறை கைவிடப்பட்டு, பருவ காலத்தில் நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் ஒழுங்காக உழைத்தவரும் தொழில் செய்பவராகவே எழுதப்பட்டார். 1971இல் ‘உமது முதன்மையான அலுவல் யாது?’ என்று கேட்டார்கள். ‘வீட்டு வேலைதான்’ என்று கூறிய பெண்கள் எல்லாம் தொழில் அற்றவர்களாக எழுதப்பட்டனர். விளைவு யாது? இந்தியா முழுவதிலும் 1961இல் ஏறத்தாழ 5.9 கோடியாக இருந்த பெண் தொழிலாளர் தொகை, 1971இல் ஏறத்தாழ 3.1 கோடியாகச் சுருங்கிற்று. நாட்டுப் பெண்களில் பாதிப் பேர் பத்தாண்டில் களைக்கொட்டையும் ராட்டையையும் கீழே வைத்துவிட்டனரா? இல்லை. மாறியது பெரும்பாலும் கேள்வியே. 1981 முதல் ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைவாக உழைத்தவர் குறுங்காலத் தொழிலாளர் என்னும் பாகுபாடு வந்தது. 1991இல் சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் கூலியின்றிச் செய்யும் வேலையும் வேலையே என்பது கேள்வியிலேயே வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது.

மூன்றாவது, இனம். 1961 முதல் ஒன்பது இனங்களாகப் பிரித்துக் காட்டப்பட்ட தொழில்கள், 2001, 2011 ஆகிய கணக்குகளின் முதல் அட்டவணைகளில் நான்கே இனங்களாகச் சுருக்கப்பட்டன. சாகுபடியாளர், விவசாயக் கூலியாளர், வீட்டுத் தொழிலாளர், பிற தொழிலாளர் என்பன அந்நான்காகும். மில் தொழிலாளியும், பள்ளி ஆசிரியரும், பேருந்து ஓட்டுநரும், கடைக்காரரும், பட்டாசு ஆலைத் தொழிலாளியும் ‘பிற’ என்னும் ஒரே கூடையில் விழுகின்றனர்.

தமிழகத்தின் இரு கணக்குகள்

இம்மூன்றையும் மனத்திற் கொண்டு, ஒரே வகைப் பாகுபாட்டில் எடுக்கப்பட்ட 2001, 2011 ஆகிய இரு கணக்குகளைத் தமிழகம் முழுமைக்கும் நோக்குவோம். 2001இல் தொழில் செய்வோர் ஏறத்தாழ 2 கோடியே 79 லட்சம் பேர். 2011இல் ஏறத்தாழ 3 கோடியே 29 லட்சம் பேர். இவர்களுள் சாகுபடியாளர் 51.2 லட்சத்திலிருந்து 42.5 லட்சமாகக் குறைந்தனர். விவசாயக் கூலியாளர் 86.4 லட்சத்திலிருந்து 96.1 லட்சமாகப் பெருகினர். வீட்டுத் தொழிலாளர் 15 லட்சத்திலிருந்து 13.7 லட்சமாகக் குறைந்தனர். ‘பிற’ தொழிலாளர் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 26 லட்சத்திலிருந்து 1 கோடியே 77 லட்சமாக உயர்ந்தனர்.

இவ்வெண்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலனாகும். சாகுபடி, கூலி, வீட்டுத் தொழில் ஆகிய முதல் மூன்று இனங்களின் கூட்டுத்தொகை இரு கணக்குகளிலும் ஏறத்தாழ 1 கோடியே 52 லட்சமேயாகும். அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்தாண்டில் புதிதாகச் சேர்ந்த 50 லட்சம் தொழிலாளர் எண்ணிக்கை முழுவதும் ‘பிற’ என்னும் இனத்தில் ஏறியிருக்கிறது. ஆனால் அம்மூன்றனுக்குள்ளேயே பெரிய மாற்றம் நிகழ்ந்துள்ளது. சொந்தப் பொறுப்பில் உழுவோர் 8.7 லட்சம் பேர் குறைய, கூலிக்கு உழைப்போர் 9.7 லட்சம் பேர் கூடியுள்ளனர். குறைந்தவர் அனைவரும் கூலியாளராயினர் என்று இதனால் முடிவு கட்டலாகாது. நிலத்தை விட்டு நகரம் சென்றவரும் உளர், முதுமையால் ஓய்ந்தவரும் உளர். எனினும், தமிழக விவசாயத்தில் ‘என் நிலம், என் பயிர்’ என்று சொல்வோரின் பங்கு சுருங்கி, ‘இன்றைக்கு எங்கே வேலை?’ என்று கேட்போரின் பங்கு பெருகியுள்ளது என்பது மறுக்க முடியாத உண்மை.

தென்னை வைத்தவர் எங்கே சென்றார்?

இனி நமது அடிவாரத்திற்கு வருவோம். நெல் விளைந்த பல நிலங்கள் தென்னந்தோப்புகளாக மாறியிருப்பதை நாம் கண்ணாரக் காண்கிறோம். ஆள் கிடைப்பது அரிதாயிற்று. கண்மாய் பெருகும் ஆண்டு இன்னதென்று சொல்வதற்கில்லை. கிணற்று நீரைக் கொண்டு தோப்பைக் காப்பது எளிது என்று கருதிப் பலர் தென்னையை நாடினர்.

இங்கேதான் நம் அங்கத்தினர் பலரும் அறியாத விதி ஒன்று உள்ளது. 2001, 2011 கணக்கு விதிகளின்படி நெல், சோளம், பருத்தி, கரும்பு, நிலக்கடலை, காய்கறி, பழத்தோட்டம் ஆகியவை சாகுபடி. ஆனால் தேயிலை, காப்பி, ரப்பர், தென்னை, பாக்கு ஆகியவை தோட்டப் பயிர்களாகையால் சாகுபடி ஆகா. அதாவது, மாந்தோப்பு வைத்திருப்பவர் சாகுபடியாளர். அடுத்த வரப்பில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் ‘பிற’ தொழிலாளர்! நெல்லை விட்டுத் தென்னை வைத்தவர் நிலத்தையும் விடவில்லை, ஊரையும் விடவில்லை, மண்வெட்டியையும் விடவில்லை. ஆயினும் சாகுபடியாளர் பத்தியிலிருந்து அவர் பெயர் நீங்கிவிடுகிறது. ஆகவே அடிவார ஊர்களில் சாகுபடியாளர் குறைந்ததாகக் காணும் கணக்கில் ஒரு பகுதி, விவசாயி குறைந்ததன் விளைவன்று; பயிர் மாறியதன் விளைவேயாகும்.

தறி நெய்தவர் எங்கே சென்றார்?

நெசவாளர் நிலையும் இத்தகையதே. வீட்டுத் தொழில் என்பதற்குக் கணக்கு விதிகள் கூறும் இலக்கணம் யாதெனின்: குடும்பத்தலைவரோ குடும்பத்தாரோ நடத்துவதாகவும், உழைப்போரில் பெரும்பகுதி குடும்பத்தாராகவும், பதிவு பெற்ற தொழிற்சாலை அளவினதாக இல்லாமலும் இருத்தல் வேண்டும். கிராமமாயின் ஊருக்குள் எங்கு நடந்தாலும் பொருந்தும். நகரமாயின் குடியிருக்கும் வீட்டின் எல்லைக்குள்ளேயே நடத்தல் வேண்டும்.

இதனால் விளைவது என்ன? ஸ்ரீவில்லிபுத்தூர் நகரில் வீட்டுக் குழித்தறியில் நெய்பவர் வீட்டுத் தொழிலாளர். அவரே இடமின்மையால் அடுத்த தெருவிலுள்ள தறிக்கூடத்தில் அமர்ந்து அதே சேலையை நெய்தால் ‘பிற’ தொழிலாளர். கைத்தறியை விட்டு, கூலியாட்கள் பலர் வேலை செய்யும் விசைத்தறிக் கூடத்திற்குச் சென்றாலும் ‘பிற’ தொழிலாளர். மூவரும் நெசவாளரே, கணக்கு மட்டும் அவர்களை வெவ்வேறு இடத்தில் வைக்கிறது.

எனினும், கைத்தறி உண்மையாகவே குறைந்துள்ளது என்பதை மறைப்பதில் பயனில்லை. கைத்தறிக்கென்றே தனியாக எடுக்கப்பட்ட கணக்குகள் இதனை உறுதி செய்கின்றன. இந்தியா முழுவதும் நெசவாளரும் துணைத் தொழில் செய்வோரும் 1995-96இல் ஏறத்தாழ 65.5 லட்சம் பேர்; 2009-10இல் 43.3 லட்சம்; 2019-20இல் 35.2 லட்சம். கைத்தறிக்கெனச் சில ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதலில் 22 ரகங்கள் இருந்தன. 1996இல் அவை 11ஆகக் குறைக்கப்பட்டன. நூற்பாலைகள் கட்டாயமாகச் சிட்டா நூலாகக் கட்ட வேண்டிய பங்கு 2003 முதல் 40 சதவீதமாக இருந்தது; 2019இல் அது 30 சதவீதமாக்கப்பட்டது. விசைத்தறியின் வேகத்தோடு போட்டியிட வேண்டிய கைத்தறிக்கு இம்மாற்றங்கள் எளியவை அல்ல.

அக்கணக்கு மற்றோர் உண்மையையும் கூறுகிறது. 2019-20இல் எண்ணப்பட்ட 35.2 லட்சம் பேரில் 25 லட்சத்திற்கு மேற்பட்டோர் பெண்கள். ஆயின் நமது சங்கங்களின் அங்கத்தினர் ஏட்டை விரித்துப் பார்ப்போம். தார் சுற்றுபவரும், பாவு ஓட்டத் துணை நிற்பவரும், பசை போடுபவரும் ஏட்டில் எத்தனை பேர்?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

விஷயம் நன்கு விளங்கும்பொருட்டு, நம் கிராமங்களில் எங்கும் காணத்தக்க ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். பெரியவர் ஓர் ஏக்கர் தென்னையைக் காத்து வருகிறார். அவர் மனைவியார் காலையும் மாலையும் தார் சுற்றுகிறார். ஒரு பசுவையும் பேணிச் சங்கத்திற்குப் பால் ஊற்றுகிறார். மூத்த மகன் இராஜபாளையத்து நூற்பாலையில் வேலை பார்க்கிறார். மருமகள் களையெடுக்கவும் நாற்று நடவும் செல்கிறார். இளைய மகன் வீட்டுத் தறியில் சங்கத்திற்கு நெய்கிறார்.

2011 விதிப்படி இக்குடும்பம் எவ்வாறு எழுதப்படும்? தென்னை வைத்த பெரியவர் ‘பிற’. மில்லுக்குச் செல்லும் மகன் ‘பிற’. மருமகள் விவசாயக் கூலியாளர். இளைய மகன் வீட்டுத் தொழிலாளர். அம்மையாரோ, தார் சுற்றும் நேரம் அதிகமென்று சொன்னால் வீட்டுத் தொழிலாளர். பசுவைப் பேணும் நேரம் அதிகமென்று சொன்னால் ‘பிற’. “நான் சும்மாதான் வீட்டில் இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டாலோ, தொழில் அற்றவர்! தம் வீட்டுக்கு மட்டும் பால் கறப்பதும்கூட வேலையே என்று 2001 முதல் கணக்கு விதி ஏற்றுக்கொண்டிருக்க, அன்றாடம் சங்கத்திற்குப் பால் ஊற்றும் அவர் தம் உழைப்பைத் தாமே மறைத்துவிடுகிறார்.

நிலம் உடைய இக்குடும்பத்தில் கணக்கின்படி ஒரு சாகுபடியாளரும் இலர் என்பதைக் காண்க. நாளை இளைய மகன் விசைத்தறிக் கூடத்திற்குச் சென்று, அம்மையாரும் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டால், வீட்டுத் தொழிலாளரும் இலர். அப்பொழுது அது உண்மையான இழப்பு. ஏனெனில் ஒருவர் தறியை விட்டால் அவருக்குத் தார் சுற்றியவரின் வேலையும் உடன் நின்றுபோகும். ஒரு தறி நிற்குமானால் ஒரு பெயர் மட்டும் குறைவதில்லை.

உண்மையான மாற்றம் எது?

மேற்கூறியவற்றால், நமது வட்டார மாற்றம் இரு கூறுகளை உடையது என அறிகிறோம். ஒன்று, பத்தி மாறியது. இதற்கு வருந்த வேண்டியதில்லை. மற்றொன்று, உடைமை மாறியது. இதுவே நாம் சிந்திக்க வேண்டியது. தன் தறி, தன் நிலம் என்று வாழ்ந்தவர் பிறருடைய தறியிலும் பிறருடைய நிலத்திலும் கூலி பெறுகிறார்.

கூலி வேலை இழிவானது என்று நாம் கூற வரவில்லை. மாதம் தவறாத சம்பளமும், சேமநல நிதியும், நோயுற்ற காலத்து ஈட்டுறுதியும் உள்ள மில் வேலை, நூலின்றி மூன்று மாதம் நிற்கும் தறியைக் காட்டிலும் மேலானது என்று இளைஞர் கருதினால் அவரைக் குறை கூற இயலாது. நமது மாவட்டத்து இ. குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலப்பரப்பில் பெரும் ஜவுளிப் பூங்கா அமைப்பதற்கான ஒப்பந்தம் 2023 மார்ச்சில் கையெழுத்தாயிற்று. இத்தகைய முயற்சிகள் வெற்றி பெறுங்கால் ‘பிற’ என்னும் இனம் மேலும் பெருகும். அது நன்மையே.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தனித்த சிறு உடைமையாளர்கள் பெரு வணிகர்முன் வலியிழந்து நின்ற காலத்தில், அவர்களைச் சேர்த்து ஒரு பெரிய உடைமையாளராக ஆக்குவதற்கே கூட்டுறவு தோன்றிற்று. தறியும் நிலமும் பசுவும் அங்கத்தினர் கையில் இருக்கும் வரையில்தான் சங்கத்திற்கு வேர் உண்டு. பால் கூட்டுறவு இதற்குச் சான்று. ஒரு பசு, இரண்டு பசு வைத்திருப்போர் ஊற்றும் பால் ஒன்று சேர்ந்தமையால்தான், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் கூட்டுறவும் தனக்கென ஓரிடம் பெற்றிருக்கிறது. பசு உடையவர் உடைமையை இழக்கவில்லை. பாலுக்கு மட்டும் பெரிய சந்தை கிடைத்தது.

நாம் செய்யத்தக்கவை

அரசாங்கக் கணக்கு பத்தாண்டுக்கு ஒருமுறை வருவது. 2021இல் வந்திருக்க வேண்டியது தள்ளியும் போயிற்று. அடுத்த கணக்கெடுப்பிற்கான அறிவிக்கை 2025 ஜூன் 16ஆம் நாள் வெளியாகி, 2027 மார்ச் 1ஆம் நாள் குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டது. சங்கம் அவ்வளவு காலம் காத்திருத்தல் ஆகாது. எனவே பின்வருவனவற்றை ஒவ்வொரு சங்கமும் தன் மகாசபையில் ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம்.

1. ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தில், சங்கமே தன் அங்கத்தினர் குடும்பங்களின் தொழிற்கணக்கை எடுத்தல் வேண்டும். நிற்கும் தறி எத்தனை, ஓடும் தறி எத்தனை, ஆண்டில் எத்தனை நாள் ஓடிற்று, தார் சுற்றுபவர் யார், நிலம் எத்தனை சென்ட், பயிர் யாது, பசு எத்தனை, வெளி வேலைக்குச் சென்றவர் யார், எத்தொழிலுக்கு என்னும் பத்திகள் போதும்.

2. ‘பிற’ என்று ஒரு பத்தி அதில் இருத்தலாகாது. மில் என்றால் மில், பட்டாசு என்றால் பட்டாசு என்று பெயர் சொல்லியே எழுதுதல் வேண்டும்.

3. தார் சுற்றும் பெண்களும் பால் ஊற்றும் பெண்களும் தம் பெயரிலேயே அங்கத்தினராவதற்கு நிர்வாகக் குழுவினர் வழி செய்தல் வேண்டும்.

4. நின்ற தறி ஒவ்வொன்றிற்கும் காரணம் எழுதப்பட வேண்டும். நூல் இன்மையா, கூலிக் குறைவா, முதுமையா, விற்பனைத் தேக்கமா? முதல் இரண்டிற்கும் கடைசிக்கும் சங்கத்தால் பரிகாரம் தேட முடியும். காரணம் அறியாதவிடத்துப் பரிகாரமும் இல்லை.

5. அரசாங்கக் கணக்கெடுப்பாளரிடம் ஒவ்வொருவரும் தாம் உண்மையாகச் செய்யும் வேலையை, செய்யும் மாதங்களோடு விளங்கக் கூறுதல் வேண்டும். தென்னை வருவாயைச் சொன்னால் வரி வருமோ, தறியைச் சொன்னால் சலுகை போகுமோ என்னும் அச்சம் வேண்டுவதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடிக்கணக்குச் சட்டப்படி தனி மனிதர் தரும் விவரம் இரகசியமானது. அதனைப் பிறர் பார்வையிடவோ வழக்கில் சாட்சியமாகக் கொள்ளவோ இடமில்லை.

இவற்றுள் முதலாவது மிகுந்த செலவு கோரும் காரியமன்று. ஒரு குறிப்பேடும், எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்களும், ஒரு வார உழைப்பும் போதும். ஐந்தாண்டு தொடர்ந்து எழுதிவிட்டால், எந்த அரசாங்க ஏட்டிலும் காணக் கிடைக்காத ஓர் உண்மை அச்சங்கத்தின் கையில் இருக்கும். நூல் ஒதுக்கீடு கேட்கும்போதும், கடன் வரம்பை உயர்த்தக் கோரும்போதும், “எங்கள் ஊரில் இத்தனை தறி ஓடுகின்றன, இத்தனை தறி நூலின்றி நிற்கின்றன” என்று ஆதாரத்தோடு பேசலாம். எண் இல்லாத முறையீடு புலம்பலாகும். எண்ணோடு கூடிய முறையீடே கோரிக்கையாகும்.

அங்கத்தினர்களே! நெய்பவர் ஒருவர் தறியை விட்டு இறங்கும் நாளில், அவர் ஏன் இறங்கினார் என்று கேட்கும் முதற்குரல் அவருடைய சங்கத்தின் குரலாக இருத்தல் வேண்டும். தோப்பை விற்கத் துணிபவரிடம், விற்பதற்கு முன்னரே சென்று சேர்வதும் சங்கமாகவே இருத்தல் வேண்டும். அதற்கு, யார் எங்கே என்ன செய்கிறார் என்பது சங்கத்திற்குத் தெரிந்திருக்க வேண்டும். வருகின்ற மகாசபையில் இப்பொருளை எடுத்து வைத்து, தை பிறப்பதற்கு முன் ஏட்டைத் தைத்து ஆயத்தம் செய்வோமாக.